குழாயின் வளைவில் ஒரு குறை

காகித ஆலையின் பாய்லர் வெடித்தபோது பெரிதாகச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. தகரக் கூரைமேல் யாரோ மூட்டையைத் தூக்கிப் போட்ட மாதிரி 'பொத்'தென்று ஒன்று. அதற்குப் பின்னால் நீளமாக ஒரு சீறல். அவ்வளவுதான். காலை பத்து மணி இருக்கும். அவள் உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். ஜன்னலோர மேஜையில் குனிந்து கோடு போட்டுக்கொண்டிருந்த அவள் கணவர், சீறலைக் கேட்டதும் பென்சிலைக் கீழே வைத்தார்.

"குழாய்" என்றார்.

"என்ன குழாய்?"

"நம்ம குழாய்தான்."

சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் படியிறங்கி ஓடினார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பாய்லர் முன்னால் காலை ஷிப்டில் நிற்கிறவன் அவளுடைய தம்பி. கையில் கத்தி இருப்பதையும் மறந்து அவளும் ஓடினாள்.

தெருவில் அவரைப் பாய்லர்காரர் என்றுதான் சொல்வார்கள். அவள், பாய்லர்காரர் வீட்டம்மா. அந்தப் பெயருக்கு அவர் ஏழு வருஷம் உழைத்திருந்தார். அதற்கு முன்னால் பாய்லர் என்றால் ஒரு பெரிய இரும்பு அண்டா. உள்ளே தண்ணீர், அடியில் நெருப்பு. அழுத்தம் தாங்காமல் வெடித்தால் கூரையும் சுவரும் ஆளும் சேர்ந்து போய்விடும். அவர் பதினெட்டு வயதில் வேலைக்குச் சேர்ந்த பட்டறையில் அப்படி ஒன்று வெடித்து, பதினோரு பேரை வாளியில் அள்ளினார்களாம். கல்யாணமான புதிதில் அதை ஒரே ஒரு தரம் அவளிடம் சொல்லியிருக்கிறார். பிறகு மளிகை சுற்றி வந்த காகிதத்தின் பின்பக்கமெல்லாம் கோடு போட்டுப் போட்டு, அந்த அண்டாவை உடைத்துக் குழாய்களாக்கினார். மடக்கிய விரல் மாதிரி வளைந்த நூற்றுச் சொச்சம் குழாய்கள். தண்ணீர் குழாய்க்குள்ளே ஓடும், நெருப்பு வெளியே எரியும்.

"அண்டா வெடிச்சா எல்லாரும் போயிடுவாங்க. இதுல ஒரு குழாய் போனா அந்த ஒரு குழாய்தான் போகும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அவருடைய பெயர் எந்தப் பத்திரிகையிலும் வந்ததில்லை. ஆனால் ஒன்பது ஆலைகளில் அந்தப் பாய்லர் ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் காகித ஆலையில் இருந்தது முதலாவது. அதனால்தான் "என் பாய்லரை என் மச்சினன்தான் பார்க்கணும்" என்று பிடிவாதம் பிடித்து, அவள் தம்பியைக் கையோடு கூட்டிப்போய் அங்கே சேர்த்துவிட்டார். தாய் செத்தபோது தம்பிக்கு ஏழு வயது. வளர்த்ததெல்லாம் அவள்தான். அவளுக்கு வேறு பிள்ளை இல்லை.

அன்றைக்கு ஒரு குழாய்தான் வெடித்தது. அவர் சொன்னது பொய்யாகவில்லை. கூரையில் ஒரு தகடுகூட அசையவில்லை. ஆனால் வளைவில் கிழிந்த அந்தக் குழாயிலிருந்து பாய்ந்த நீராவி அடுப்புக் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு வெளியே வந்தது. கதவுக்கு நேராக இரண்டு பேர் நின்றிருந்தார்கள். கரி தள்ளுகிற நெட்டையன் ஒருவன். எண்ணெய் போடுகிறவர் இன்னொருவர். நெட்டையன் மத்தியானமும், மற்றவர் சாயங்காலமும் போய்விட்டார்கள். ஈரச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே ஓடி வால்வை மூடி, அவர்களை இழுத்துப் போட்ட அவள் தம்பி, மார்பும் முகமும் வெந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். உதடு ஒட்டிக்கொண்டிருந்தது. பேச விடக்கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அவள் ஸ்பூனால் தண்ணீரை ஒவ்வொரு சொட்டாக விடுவாள். அவன் கண்ணை மட்டும் அகல விழித்து அவளையே பார்ப்பான். ஏதோ சொல்லத் துடிக்கிற மாதிரி இருக்கும். வலி போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

மறுநாள் மத்தியானம் கணவர் ஒரு சாக்குத்துணிப் பொட்டலத்தோடு வந்தார். மேஜைமேல் வைத்துப் பிரித்தார். வெடித்த குழாயின் வளைவு, ஒரு முழ நீளம். வெட்டியெடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

"உள்ளே பாரு."

அவள் பார்த்தாள். விரல் நுழைகிற அளவுக்குத்தான் ஓட்டை இருந்தது. மீதியெல்லாம் வெள்ளையாக, பாறை மாதிரி உப்பு. வெந்நீர்க் கெட்டிலின் அடியைத் தினமும் தேய்க்கிறவளுக்கு அதைப் பார்க்க விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமைதோறும் சுரண்டணும்னு சொன்னீங்களே?"

"சுரண்டினதாத்தான் புத்தகத்துல எழுதியிருக்கு. ஒரு வாரம் விடாம. கீழே உன் தம்பி கையெழுத்து." அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "ரெண்டு மாசத்து உப்பு இது. குறைஞ்சது. உப்பு பிடிச்சா தண்ணி இரும்பைத் தொடாது. இரும்பு பழுத்து, மெழுகு மாதிரி இளகிடும். யாரு பண்ணியிருந்தாலும் வெடிச்சிருக்கும். நான் பண்ணியிருந்தாலும் சரி, கடவுள் பண்ணியிருந்தாலும் சரி."

"இதை வேற யாரு பார்த்தாங்க?"

"யாரும் பாக்கல. மத்த குழாயெல்லாம் மேனேஜர் இன்னைக்குக் காலையிலயே ஆள் விட்டுச் சுரண்ட வச்சிட்டாரு. இது ஒண்ணுதான் பாக்கி."

"இப்போ என்ன ஆகும்?"

"அடுத்த வாரம் விசாரணைக்கு ஆபீசர் வராரு. இதைக் காட்டுவேன்."

"காட்டினா?"

அவர் குழாயைத் துணிமேல் உருட்டி வைத்தார். அவளே சொன்னாள்: "ரெண்டு உசுரு போயிருக்கு. பொய்க் கையெழுத்துப் போட்டவன் என் தம்பி. ஆஸ்பத்திரிக் கட்டில்லேருந்து நேரா ஜெயிலுக்குப் போவான்."

"நான் என்ன செய்யட்டும்?"

"குழாயில குறைன்னு சொல்லிடுங்க."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. காது சரியாகக் கேட்காதவர் பார்ப்பது மாதிரிப் பார்த்தார்.

"என்ன கேக்குறேன்னு தெரிஞ்சுதான் கேக்குறியா?"

"தெரிஞ்சுதான் கேக்குறேன். உங்களை யாரும் ஜெயில்ல போட மாட்டாங்க. படம் போட்டவன் கணக்குத் தப்பினான்னு திட்டிட்டு விட்டுடுவாங்க. பேருதானே போகும்? பேர் போனா என்னங்க? எனக்கு அவன் ஒருத்தன்தான் இருக்கான்."

"ஒன்பது ஆலையில ஓடுது. ஒன்பதையும் கழட்டிப் போட்டுட்டுப் பழைய அண்டாவை வைப்பாங்க. அது வெடிக்கும். அதுக்கு யாரு பொறுப்பு?"

"அது எனக்குத் தெரியாது. நான் பெத்தவ மாதிரிங்க. எனக்கு அதெல்லாம் தெரியாது."

அதன்பிறகு ஒரு வாரம் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சாப்பிட்டார், ஆஸ்பத்திரிக்கு வந்தார், மச்சினனின் கால்மாட்டில் நின்றார், போனார். பொட்டலம் அலமாரிமேல் கிடந்தது. விசாரணைக்கு முந்தின நாள் அவர் வெளியே போயிருந்த நேரத்தில் அவள் அதை இறக்கினாள். எலுமிச்சம் பழங்களைப் பிழிந்து ஊற்றி ஊற வைத்தாள். கத்தி முனையால் குத்தி, இரும்புக் கம்பியால் சுரண்டி, மறுபடி ஊற்றினாள். விரல் நகக் கண்ணெல்லாம் எரிந்தது. மூன்று மணி நேரத்தில் உப்பு முழுவதும் வந்துவிட்டது. சாக்கடையில் வெள்ளையாகக் கரைந்து ஓடியதை, வாளி வாளியாகத் தண்ணீர் விட்டு அனுப்பினாள்.

அவர் வந்து குழாயைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே கறுப்பாக, சுத்தமாக இருந்தது.

"நீயா?"

"நான்தான்."

அதைத் திரும்பத் துணியில் சுற்றி முடிச்சுப் போட்டார். முடிச்சு சரியாக விழவில்லை. இரண்டு தரம் அவிழ்த்துப் போட்டார்.

விசாரணை ஆலையின் பொதி கட்டும் கூடத்தில் நடந்தது. காகிதக் கட்டுகளை ஓரம் தள்ளிப் பெஞ்சு போட்டிருந்தார்கள். ஆபீசருக்கு ஜலதோஷம். நிமிஷத்துக்கு ஒரு தரம் மூக்கைச் சிந்திக்கொண்டு, சீக்கிரம் முடித்து ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் இருந்தார். மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். செத்தவர்களின் வீட்டார் முன் பெஞ்சில். நெட்டையன் பெண்சாதி மடியில் கைக்குழந்தை.

"சுத்தம் பண்ணின புத்தகம் ஒழுங்கா இருக்கு. குழாயும் சுத்தமா இருக்கு. அப்புறம் எப்படி வெடிச்சது?" என்று ஆபீசர் கேட்டார்.

அவள் கணவர் எழுந்து நின்றார். "வளைவுல இரும்பு மெலிஞ்சு போகுது. எவ்வளவு மெலியும்னு நான் போட்ட கணக்கு தப்பு."

"அப்போ குறை உங்க அமைப்புல?"

"ஆமா."

"மத்த எட்டுலயும் இதே குறை இருக்குமா?"

அவர் பெஞ்சின் விளிம்பை ஒரு கையால் தடவிக்கொண்டிருந்தார். "இருக்கும்" என்றார்.

மேனேஜர் கட்டியிருந்த கையை அவிழ்த்ததை அவள் பார்த்தாள். அதற்குள் நெட்டையன் பெண்சாதி எழுந்துவிட்டாள். "கணக்குத் தப்பா? ரெண்டு உசுரைக் குடிச்சிட்டுக் கணக்குத் தப்புன்னு சொல்றியே, பாவி! நீ போட்ட கோட்டுல என் புருஷன் வெந்துட்டானே!" என்று கத்தினாள். குழந்தையும் அழுதது. ஆபீசர் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுதினார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவள் அவர் பக்கத்தில் வரவில்லை. பத்தடி பின்னால் வந்தாள்.

அடுத்த நாள் தம்பியின் வாய்க் கட்டைப் பிரித்தார்கள். அவன் முதலில் கேட்டது: "அக்கா, ஆபீசர் எப்போ வராரு?"

"வந்துட்டுப் போயிட்டாரு. நீ ஒண்ணும் கவலைப்படாதே. உன்மேல ஒரு குத்தமும் இல்லைன்னு ஆயிடுச்சு."

"எப்படி ஆகும்? நான்தானே பொய்க் கையெழுத்துப் போட்டேன்?"

"மெதுவாப் பேசு."

"ஏன் மெதுவாப் பேசணும்? ஒன்பது வாரமா நிறுத்தவே விடல அக்கா. 'ஆர்டர் முடியட்டும், சுரண்டினதா எழுதிக்கோ'ன்னு மேனேஜர் சொன்னாரு. நானும் எழுதினேன். நெட்டையண்ணன், 'என்னடா, ஞாயித்துக்கிழமையும் கரி தள்ளச் சொல்றே'ன்னு கேட்டாரு. சிரிச்சேன் அக்கா. அன்னைக்கு நான் சிரிச்சேன்." அவனுக்கு மூச்சு வாங்கியது. "மேனேஜர் பேரைச் சொல்லிட்டு ஜெயிலுக்குப் போறதுன்னு முடிவு பண்ணிட்டேன். அதுக்குத்தான் உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டுக் கிடக்கேன். என்னை ஏன் யாரும் கேக்கல?"

"உன் மச்சான் குழாயில குறைன்னு சொல்லிட்டாரு."

அவன் புரியாமல் பார்த்தான்.

"நான்தான் சொல்லச் சொன்னேன்."

வெந்த முகத்தில் எது அழுகை, எது வலி என்று தெரியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். நெடுநேரம் கழித்து, "அந்த வளைவுல ஒரு குறையும் இல்ல அக்கா" என்றான். "பத்து வருஷம் தொட்டுப் பார்த்த குழாய். மச்சானை எப்படி அக்கா அப்படிச் சொல்ல வச்சே?"

அவள் வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். அவர் அன்று சாயங்கால ரயிலிலேயே ஆபீசரைப் பார்க்கக் கிளம்பினார். இரண்டு நாள் கழித்துத் திரும்பினார். காலைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் பேசினார்.

"அன்னைக்கு உன்னோட தப்புன்னே, இன்னைக்கு மச்சினனோட தப்புங்கறே, நாளைக்கு யாரைச் சொல்லுவேன்னு கேட்டாரு. குழாயில உப்பு இருந்துச்சுன்னு சொன்னேன். நீ கொடுத்த குழாய் இங்கேதான் இருக்கு, எங்கே உப்புன்னு எடுத்துக் காட்டினாரு."

அவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள்.

"கெஞ்சினேன். சரி, பையன்கிட்ட வாக்குமூலம் வாங்க ஆள் அனுப்புறேன்னாரு."

ஆள் வந்தான். குட்டையாக, தோல்பையோடு, நல்ல மனிதன்தான். அவன் வந்தது வியாழக்கிழமை. தம்பி புதன்கிழமை காலையில் இறந்துபோனான். புண் சீழ் வைத்து, ஜுரம் தலைக்கேறி, கடைசி இரண்டு நாள் யாரையும் அடையாளம் தெரியவில்லை. கட்டிலின் விளிம்பை வால்வு என்று நினைத்துத் திருகிக்கொண்டே இருந்தான். தோல்பைக்காரன் காலிக் கட்டிலைப் பார்த்துவிட்டு, வருத்தம் தெரிவித்து, ஒரு தாளில் ஏதோ எழுதிக்கொண்டு போனான்.

அவர் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று அவளுக்குப் பல தடவை தோன்றியிருக்கிறது. ஒன்பது பாய்லர்களையும் கழற்றினார்கள். குழாய் வார்த்துக் கொடுத்த பட்டறைக்காரர் அச்சுகளை உருக்கிவிட்டார். ஜன்னலோர மேஜையில் அவர் மறுபடி உட்காரவில்லை. அவளாக அதில் பாத்திரம் கவிழ்க்க ஆரம்பித்தாள். நகரத் தண்ணீர்த் தொட்டியில் பம்ப் போட்டு நிறுத்துகிற வேலை அவருக்குக் கிடைத்தது. காலையில் ஒரு தரம் போட, மாலையில் ஒரு தரம் நிறுத்த. பம்ப்காரர் என்று தெருவில் பெயர் மாறியது. அந்தச் சாவுகளை மறக்காதவர்கள் வேறு பெயரும் சொன்னார்கள். குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் நெட்டையன் பெண்சாதி தன் குடத்தை எடுத்து நகர்த்தி வைப்பாள். பதினெட்டு வருஷம் நகர்த்தினாள்.

அந்தப் பதினெட்டாவது வருஷம் காகித ஆலைக்குப் புது பாய்லர் வந்தது. தூர தேசத்துக் கம்பெனி ஒன்று செய்தது. இரண்டு லாரியில் ஏற்றி, தெருவழியாகத்தான் கொண்டுபோனார்கள். அவர் பம்பை நிறுத்திவிட்டு வந்து ஓரமாக நின்று பார்த்தார். குழாய்கள் கட்டுக்கட்டாக, வளைந்து, நெருக்கி அடுக்கியிருந்தன. பெரிய பித்தளைத் தகட்டில் கம்பெனியின் பெயர். லாரி திருப்பத்தில் நின்றபோது கிட்டே போய் ஒரு வளைவைக் கையால் அளந்தார். திரும்பி வந்து அவளிடம், "வளைவை மாத்தவே இல்ல" என்றார். "அப்படியே இருக்கு. ஒரு நூல்கூட மாத்தல. இப்போ எல்லா இடத்துலயும் இதுதான் ஓடுதாம். லாரிக்காரன் சொன்னான்."

"சந்தோஷமா உங்களுக்கு?"

அவர் யோசித்தார். "தெரியலடி" என்றார்.

புது பாய்லருக்கு ஆள் எடுத்தார்கள். நெட்டையன் மகளை, அன்றைக்கு மடியில் அழுத குழந்தையை, கட்டிக்கொண்ட மருமகனுக்கு அந்த வேலை கிடைத்தது. "நல்ல பாய்லராம். வெடிக்கவே வெடிக்காதாம். அந்தப் பாவி செஞ்சது மாதிரி இல்லையாம்" என்று அவன் மாமியார் குழாயடியில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். வெடிக்காது என்று நம்பினால் சுரண்டவும் மாட்டார்கள் என்று அவளுக்குப் பட்டது. அன்று முழுவதும் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தாள். மறுநாள் போய் அந்த வீட்டு வாசலில் நின்றாள்.

"எங்கே வந்தே?"

"ஒரு விஷயம் சொல்லிட்டுப் போயிடுறேன் அக்கா. அந்தக் குழாயை வாரம் தவறாமச் சுரண்டணும். உங்க மருமகன்கிட்ட சொல்லுங்க. அன்னைக்கு வெடிச்சது குழாயோட குறை இல்ல. சுரண்டாம விட்டது. என் தம்பி சுரண்டாமலே கையெழுத்துப் போட்டான். மேனேஜர் போடச் சொன்னாரு. குழாய்க்குள்ள இருந்த உப்பை நான்தான் எடுத்துட்டேன். என் கையால."

நெட்டையன் பெண்சாதி கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"இத்தனை வருஷம் இதை எங்கே வச்சிருந்தே?"

"சொல்லத் தைரியம் வரல அக்கா."

"இல்ல. இப்போ அதே மாதிரி பாய்லர் வந்து நல்லா ஓடுது. உன் புருஷன் தலையை நிமித்தணும். அதுக்குச் செத்தவன்மேல பழியைப் போடுறே. அவன் எழுந்து வந்து இல்லைன்னா சொல்லப்போறான்?" குரல் ஏறியது. "அன்னைக்கு அத்தனை பேரும் வெளியே ஓடினாங்க. ஈரச் சாக்கைப் போட்டுக்கிட்டு உள்ளே ஓடினது உன் தம்பி ஒருத்தன்தான். என் புருஷனைத் தூக்கி வெளியே போட்டவன். அவனை நான் தினம் நினைச்சுக்கிட்டுத்தான் சோத்துல கை வைக்கிறேன். கூடப் பொறந்தவ நீ, அவனையா சொல்றே? த்தூ. போ."

அவள் போனாள். தெரு முழுக்க அது பரவ ஒரு பொழுதுகூட ஆகவில்லை. புருஷனைக் கழுவத் தம்பியைச் சேற்றில் தள்ளினவள் என்றார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. அந்த மருமகன். இருபத்தைந்து வயதிருக்கும். கையில் சாப்பாட்டு டப்பா. ஷிப்டுக்குப் போகிற வழியில் வந்திருந்தான். யாரும் பார்க்கிறார்களா என்று தெருவைத் திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தான். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"அத்தைக்குத் தெரிய வேணாம்" என்றான். பிறகு அவள் கணவரைப் பார்த்து, "எத்தனை நாளைக்கு ஒரு தடவை சுரண்டணும்?"

"ஏழு நாள். இங்கே இருக்கிற தண்ணிக்கு ஏழுதான்."

"ஆரம்பிச்சு முப்பத்தஞ்சு நாள் ஆச்சு. ஒருதரம்கூட நிறுத்தல."

அவர் எழுந்தே விட்டார். "சத்தம் ஏதாவது மாறியிருக்கா?"

"ரெண்டு மூணு நாளா கீழ் வரிசையில ஒரு மாதிரி டக்டக்குன்னு அடிக்குது."

"நிறுத்து. இன்னைக்கே நிறுத்திடு."

"அதை நிறுத்தினா என்னை நிறுத்திடுவாங்களே ஐயா." அவன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. "அவ மாசமா இருக்கா. போன வாரம் மேனேஜரைக் கேட்டுப் பார்த்தேன். புது பாய்லர், அதெல்லாம் வேண்டியதில்லைன்னுட்டாரு. நீங்க வந்து சொல்ல முடியுமா?"

"நான் சொன்னா?" என்றார் அவர்.

 அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் முழுவதும் குடித்துவிட்டு, "சங்கு ஊதப்போறான், வரேன்" என்று டம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டு இறங்கினான். அவன் நம்பிவிட்டான் என்பது அவளுக்குத் தெரிந்தது. நம்பிக்கொண்டேதான் வேலைக்குப் போனான். டப்பாவை இடுக்கிக்கொண்டு, வேகமாகவும் இல்லாமல் மெதுவாகவும் இல்லாமல், தினமும் போகிற நடையில் போனான்.

கணவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று, "எங்கே நிக்கணும்னு சொல்லல" என்றார்.

"என்ன?"

"வெடிச்சா எங்கே நிக்கணும்னு சொல்லல."

செருப்பைத் தேடவில்லை. அறுபத்து மூன்று வயதில், முழங்கால் வலிக்காரர், வெறுங்காலோடு தெருவில் ஓடினார். குழாயடியில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி சிரித்தாள். ஆலைத் திருப்பத்தில் அவனைப் பிடித்துவிட்டார். மூச்சு வாங்க, ஒரு கையை நேராக நீட்டி இதுதான் அடுப்புக் கதவு என்பதுபோல் காட்டுவதும், அவனுடைய தோள் இரண்டையும் பிடித்து ஓரமாக, இன்னும் கொஞ்சம் ஓரமாக நகர்த்தி நிறுத்துவதும் அவளுக்கு வாசலிலிருந்தே தெரிந்தது. அவன் தலையாட்டினான். சங்கு ஊதியது. அவர் அவனை விடவில்லை. மறுபடியும் முதலிலிருந்து காட்டிக்கொண்டிருந்தார்.